அறியாத கோளில் இளையோர்: பிழைத்தல் புனைகதைக்கு ஓர் அறிமுகம்

அறிவியல் புனைகதையில் அடிக்கடி திரும்பி வரும் ஓர் அமைப்பு உண்டு. பன்னிரண்டு முதல் இருபது வயதுக்குள் இருக்கும் சிலர், மனிதர் இதற்கு முன் வாழ்ந்திராத ஒரு கோளில் தனித்து விடப்படுகிறார்கள். பெரியவர்கள் இறந்துவிட்டார்கள், அல்லது வந்து சேர முடியாத தொலைவில் இருக்கிறார்கள். மீட்புக் கலம் எப்போது வரும், வருமா என்பதும் தெரியாது. கையில் இருப்பவை சில கருவிகளும் பள்ளியில் பாதி கற்ற பாடங்களும் மட்டுமே. இந்த வகையை முதன்முறையாக வாசிப்போர் இதை ஒரு வீரசாகசக் கதை என்று எடுத்துக்கொள்வது இயல்பு; ஆனால் இவ்வகையின் நல்ல படைப்புகளில் உடல்வலிமைக்கும் துணிச்சலுக்கும் இரண்டாம் இடமே கிடைக்கிறது. யாரும் எதையும் சொல்லித்தராத இடத்தில், எதை உண்ணலாம், எங்கே உறங்கலாம், எந்த ஒலிக்கு அஞ்ச வேண்டும் என்பதை ஒரு சிறு குழு தானே கண்டறிந்தாக வேண்டும். அறிவு எவ்வாறு உண்டாகிறது என்பதே இக்கதைகளின் உள்ளடக்கம்.

இதன் மூதாதை தீவுக்கதை. 1719-இல் வெளிவந்த டேனியல் டீஃபோவின் ‘ராபின்சன் குரூசோ’வில் கரையொதுங்கிய ஒற்றை மனிதன் இருந்தான். 1888-இல் ழூல் வெர்ன் பள்ளிச் சிறுவர்களை ஒரு தீவில் இரண்டு ஆண்டுகள் விட்டுவைத்தார். 1954-இல் வில்லியம் கோல்டிங் ‘லார்ட் ஆஃப் தி ஃபிளைஸ்’ நாவலில் அதே அமைப்பைத் தலைகீழாக்கிச் சிறுவர்களின் ஒழுங்கு சிதைந்து கொலையில் முடிவதைக் காட்டினார். அதற்கு அடுத்த ஆண்டே, 1955-இல், ராபர்ட் ஹைன்லைனின் ‘டனல் இன் தி ஸ்கை’ நாவல் மாணவர்களைத் தீவை விட்டு வேறொரு கோளுக்கே அனுப்பியது: சில நாள்களில் முடிய வேண்டிய ஒரு பிழைத்தல் தேர்வுக்காகச் சென்றவர்களுக்குத் திரும்பும் வாயில் திறக்காமல் போகிறது. இளையோர் அறியாத கோளில் பிழைக்கும் கதைக்கு இன்றும் எடுத்துக்காட்டாக நிற்பது இந்த நாவல்.

தீவுக்கும் கோளுக்கும் என்ன வேறுபாடு, இரண்டும் தனிமைதானே என்று கேட்கலாம். இந்த வேறுபாடு புரிந்தால் வகையின் பாதி புரிந்துவிடும். 1971-இல் பெரு நாட்டு மழைக்காட்டின் மேல் ஒரு விமானம் சிதறியபோது, உயிர் தப்பிய ஒரே பயணி யூலியானே கோப்கே என்னும் 17 வயதுப் பெண். ஓடையைப் பின்தொடர்ந்தால் ஆறு வரும், ஆற்றங்கரையில் மனிதர் இருப்பார்கள் என்று தந்தை சொல்லித்தந்திருந்ததை நினைவில் வைத்து நடந்து, 11 நாள்கள் கழித்து மீட்கப்பட்டார். 2023 மே மாதம் கொலம்பியாவின் அமேசான் காட்டில் விழுந்த சிறு விமானத்திலிருந்து பிழைத்த பழங்குடிக் குழந்தைகள் நால்வர் 40 நாள்கள் தாக்குப்பிடித்தார்கள். அவர்களில் மூத்தவளுக்கு வயது 13. விமானத்தில் இருந்த மரவள்ளி மாவு தீர்ந்த பிறகு, எந்தக் காயும் விதையும் உண்ணத்தக்கவை என்று தம் குடும்பத்தாரிடம் கற்றிருந்ததுதான் அவர்களைக் காத்தது.

இந்த இரண்டு நிகழ்வுகளிலும் இளையோரைக் காப்பாற்றியது அந்தக் காட்டைப் பற்றி யாரோ முன்பே சேர்த்து வைத்திருந்த அறிவு. அதே கோப்கேயை வேறொரு கோளில் நிறுத்திப் பாருங்கள். ஓடை அங்கும் தாழ்வை நோக்கித்தான் ஓடும், ஏனெனில் ஈர்ப்பு விசையின் விதி எங்கும் ஒன்றே. ஆனால் அதன் முடிவில் மனிதர் யாரும் இல்லை. பழத்தின் நிறமோ, மணமோ, பறவை அதைக் கொத்துகிறதா என்பதோ எதையும் உறுதிப்படுத்தாது. இயற்பியல் கூடவே வருகிறது, உயிரியல் வருவதில்லை, வரலாறு அறவே வருவதில்லை. இந்த மூன்றில் எது பயன்படும், எது கைவிடும் என்று பிரித்தறியும் பாத்திரமே இத்தகைய கதையில் தலைமைக்கு உரியது. உரத்த குரலில் கட்டளையிடுபவனைத் தலைவனாக்கும் கதைகள் ஏராளம் வருகின்றன; அவற்றை நான் பாதியிலேயே மூடி வைத்துவிடுவது வழக்கம்.

கோளை எப்படிப் படைக்கிறார்கள் என்பதைப் பார்க்கலாம். முதலில் காற்று. கவச உடையின்றிச் சிறுவர்கள் நடமாட வேண்டும் என்று எழுத்தாளர் முடிவு செய்தால், வளிமண்டலத்தில் ஆக்சிஜன் போதுமான அளவில் இருந்தாக வேண்டும். இந்த ஒரே முடிவு கோளின் முழு வரலாற்றையும் இழுத்துக்கொண்டு வருகிறது. ஆக்சிஜன் மற்றப் பொருள்களோடு எளிதில் வினைபுரிந்து தீர்ந்துவிடும் வாயு. இரும்பைத் துருப்பிடிக்கச் செய்வதும் அதுவே. எனவே ஒரு கோளின் காற்றில் அது நிலையாக நிறைந்திருக்க வேண்டுமானால், அதை ஓயாமல் உண்டாக்கிக்கொண்டே இருக்கும் ஏதோ ஒன்று வேண்டும். நாம் அறிந்தவரை அதற்கு மிகச் சிறந்த விடை ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்கள். நம் பூமியிலேயே காற்றில் ஆக்சிஜன் குறிப்பிடத்தக்க அளவில் சேரத் தொடங்கியது ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். பூமியின் வயதோ சுமார் 450 கோடி ஆண்டுகள். காலப் பயணி ஒருவர் பூமியின் முதல் பாதியில் எங்கு இறங்கினாலும் சில நிமிடங்களில் மூச்சுத் திணறி இறந்திருப்பார். ஆகவே, புல்பூண்டு ஒன்றுகூட இல்லாத பாலைக்கோளில் பாத்திரங்கள் இயல்பாக மூச்சு விட்டுக்கொண்டு நடந்தால், அந்தக் காற்று எங்கிருந்து வந்தது என்று வாசகர் கேட்கலாம். கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களே அதைத் தருகின்றன என்று ஓரிடத்தில் சொல்லியிருந்தால் போதும்.

ஆக்சிஜனின் அளவு கதையைப் பல வகையில் மாற்றும். பூமியின் காற்றில் அது 21 விழுக்காடு. அது சுமார் 16 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் சாதாரணச் சுடர் அணைந்துவிடும்; மனிதரோ களைப்புற்றாலும் அங்கே மூச்சு விட முடியும். மனிதர் வாழ முடிந்தும் தீ மூட்ட முடியாத ஒரு கோளை இப்படி நியாயமாகவே கற்பனை செய்யலாம். சமைக்க முடியாது, நீரைக் கொதிக்க வைக்க முடியாது, குளிருக்குத் தீ கிடையாது. தீயை நம்பிய எல்லாத் தந்திரங்களும் ஒரே அடியில் பறிபோகின்றன. மாறாக ஆக்சிஜன் 30 விழுக்காட்டைத் தாண்டினால் ஈரமான தாவரமும் எளிதில் பற்றிக்கொள்ளும். ஒரு மின்னல் போதும், காடே எரியும். அத்தகைய கோளில் முதல் இரவில் குளிர்காயத் தீ மூட்டும் சிறுவன்தான் குழுவின் மிகப் பெரிய ஆபத்து.

ஆக்சிஜன் சரியாக இருந்தாலும் கரியமில வாயு காலை வாரிவிடக்கூடும். காற்றில் அது சில விழுக்காடு இருந்தாலே தலைவலியும் மூச்சிரைப்பும் வரும். பத்து விழுக்காடு அளவில் நினைவு தப்பும். அது காற்றைவிடக் கனமானது என்பதால் அடர்த்தியாக வெளிப்படும்போது பள்ளத்தை நாடிச் செல்லும். 1986-இல் காமரூன் நாட்டின் நியோஸ் ஏரியிலிருந்து திடீரென வெளிப்பட்ட கரியமில வாயு பள்ளத்தாக்குகள் வழியே இறங்கி, இரவில் உறங்கிக்கொண்டிருந்த 1,700-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. காற்றிலிருந்து ஒதுங்கப் பள்ளத்தில் கூடாரம் அடி என்பது நம் மலைகளில் நல்ல அறிவுரை. எரிமலை நிறைந்த ஓர் அயல்கோளில் அதுவே மரணத்துக்கு வழி. கற்ற பாடம் தவறாக இராமலேயே ஆளைக் கொல்லும் இத்தகைய இடங்களைத் தேடிப் பிடிக்கும் எழுத்தாளர்கள்தாம் இந்த வகையில் தேர்ந்தவர்கள்.

ஈர்ப்பு விசையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செவ்வாயில் அது பூமியில் உள்ளதில் 38 விழுக்காடு. கதைகளில் வரும் கோள்கள் பெரும்பாலும் பூமியை ஒட்டியே இருக்கும், ஏனெனில் மிகவும் குறைந்தால் காற்றைத் தக்கவைப்பது கடினம், மிகவும் கூடினால் பாத்திரங்களால் நடக்கவே இயலாது. கால் பங்கு கூடினாலே தடுமாறி விழுபவரின் எலும்பு எளிதில் முறியும், மூட்டைகளின் கனம் முதுகைப் பிழியும் என்பதை எழுத்தாளர் மறக்காமல் இருந்தால் சரி.

காலம் அப்படியல்ல, அது வளமான களம். பூமிக்கு மிக அருகில், 4.2 ஒளியாண்டு தொலைவில் உள்ள பிராக்சிமா செண்டாரி என்னும் விண்மீனைச் சுற்றும் ஒரு கோள் 2016-இல் அறிவிக்கப்பட்டது. அந்த விண்மீன் சிறியது, மங்கலானது, சிவந்தது. எனவே இதமான வெப்பம் பெற வேண்டிய கோள் அதை மிகவும் நெருங்கிச் சுற்ற வேண்டும். அந்தக் கோளின் ஓர் ஆண்டு நம்முடைய 11 நாள்களுக்குச் சற்றே கூடுதல். இவ்வளவு நெருங்கிச் சுற்றும் கோள்கள், நிலா பூமிக்கு ஒரே முகத்தைக் காட்டுவதுபோல, தம் விண்மீனுக்கு ஒரே முகத்தைக் காட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். ஒரு பக்கம் முடியாத பகல், மறுபக்கம் முடியாத இரவு, நடுவில் சூரியன் அடிவானத்திலேயே நிற்கும் ஒரு வளையம். அங்கே விடப்பட்ட சிறுவர்களுக்கு நாள் என்பதே இல்லை. அவர்களின் உடலுக்குள் இயங்கும் கடிகாரமோ சுமார் 24 மணி நேரச் சுற்றில் தூக்கத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கும். யார் எப்போது உறங்குவது, காவல் முறையை எப்படிப் பிரிப்பது, எத்தனை நாள்கள் கழிந்தன என்று யார் கணக்கு வைப்பது என்பவை எல்லாம் பேசித் தீர்க்க வேண்டியவை ஆகின்றன. அந்தக் கணக்கு வைப்பவர் காய்ச்சலில் விழுந்தால் குழுவின் நாள்காட்டியே தொலைந்துவிடும்.

சுழலும் கோளாக இருந்தால் ஒரு குச்சி போதும். அதைச் செங்குத்தாக நட்டு, நிழல் மிகக் குறுகும் நேரத்தைக் குறித்தால் நண்பகலும் வடக்கு தெற்குத் திசையும் கிடைத்துவிடும். காந்தப்புலம் இல்லாத கோளில் திசைகாட்டி பயன்படாது, குச்சி பயன்படும். நாள்தோறும் நண்பகல் நிழலை அளந்து வந்தால் அது நீள்கிறதா குறுகுகிறதா என்பது தெரியும், நீண்டுகொண்டே போனால் குளிர்காலம் வருகிறது என்று பொருள். எவ்வளவு கடுமையான குளிர் என்பது கோளின் அச்சுச் சாய்வைப் பொறுத்தது. பூமியின் சாய்வு 23.4 பாகை; யுரேனசோ ஏறத்தாழ படுத்துக்கொண்டே சுற்றுகிறது. எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதையும் ஓரளவு ஊகிக்கலாம்: நம் சூரியனை ஒத்த விண்மீனின் இதமான வட்டாரத்தில் சுற்றும் கோளின் ஆண்டு நம் ஆண்டிலிருந்து பெரிதும் விலகியிருக்காது. 2015-இல் அறிவிக்கப்பட்ட கெப்ளர்-452பி என்னும் கோள் சூரியனைப் போன்ற தன் விண்மீனை 385 நாள்களில் சுற்றுகிறது. ஒரு குச்சி, கொஞ்சம் வடிவியல், பொறுமை ஆகியவற்றைக் கொண்டு பதினாறு வயது மாணவி ஒருத்தி விறகையும் உணவையும் எப்போது சேர்க்கத் தொடங்க வேண்டும் என்று தன் தோழர்களிடம் வாதிடும் காட்சி, எந்த மிருகத் துரத்தலையும்விட எனக்குப் பரபரப்பூட்டுகிறது.

உணவு இன்னும் நுட்பமானது. புதிய எழுத்தாளர்கள் பெரும்பாலும் இரண்டு வாய்ப்புகளையே காண்கிறார்கள்: உண்ணத்தக்கது, நஞ்சு. மூன்றாவது ஒன்று உண்டு. சில மூலக்கூறுகள், இடக்கையும் வலக்கையும்போல, ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு வடிவங்களில் அமையும். பூமியின் உயிர்கள் தம் புரதங்களைக் கட்டப் பயன்படுத்தும் அமினோ அமிலங்கள் ஏறத்தாழ அனைத்தும் இடக்கை வடிவம் கொண்டவை. சர்க்கரைகள் பெரும்பாலும் வலக்கை வடிவம். வேறொரு கோளின் உயிர்கள் இதற்கு எதிரான தேர்வைச் செய்திருந்தால், அங்குள்ள கிழங்கு நாவுக்கு இனிக்கலாம், வயிற்றை நிரப்பலாம், எந்தத் தீங்கும் செய்யாமலே உடலை விட்டு நீங்கிவிடலாம். எதிர்வடிவத்தை நம் உடலால் பயன்படுத்த இயலாது என்பதால் சத்து மட்டும் சேராது. நாவில் சிறிது வைத்துக் காத்திருந்து, பிறகு கொஞ்சம் விழுங்கிக் காத்திருக்கும் பழைய சோதனை முறை உடனடி நஞ்சை மட்டுமே காட்டும். சத்தின்மை வெளிப்பட வாரங்கள் ஆகும், அதற்குள் குழுவின் சேமிப்பு தீர்ந்திருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, அது வரலாற்றில் நடந்தது. 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயால் வாடிய மாலுமிகள் 12 பேரை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் வெவ்வேறு பொருளைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவர் விரைவில் தேறினார்கள். வைட்டமின் என்பதை அன்று யாரும் அறிந்திருக்கவில்லை, காரணம் தெரியாமலே விளைவு தெரிந்தது. அயல்கோளில் சிக்கிய இளையோருக்கும் ஆய்வகம் தேவையில்லை, ஒப்பிட்டுப் பார்க்கும் ஒழுங்கு தேவை. ஆனால் யார் எந்தக் கிழங்கை உண்பது, மோசமான பங்கு கிடைத்தவர் மறுத்தால் என்ன செய்வது என்ற இடத்தில் அறிவியல் சட்டென்று அரசியலாகிறது. நல்ல எழுத்தாளர் இந்தக் கணத்தை எளிதில் கடந்து செல்ல மாட்டார்.

நோயைப் பொறுத்தவரை, வேற்றுக்கோள் கிருமி மனிதரைத் தாக்குவது கதைகளில் காட்டப்படும் அளவுக்கு எளிதாக இருக்காது, ஏனெனில் பெரும்பாலான நோய்க்கிருமிகள் தம் இரையோடு நீண்ட காலம் சேர்ந்து வளர்ந்தவை. நாம் கூட்டிச் சென்ற கிருமிகளே பெரிய கவலை: சிறு வெட்டுக்காயம் சீழ்ப்பிடிக்கும், சொத்தைப் பல் வீங்கும், குடல்வால் அழற்சிக்கு அறுவை செய்ய ஆளிருக்காது. கொடிய மிருகங்களைப் பற்றியும் ஒரு சொல். அங்குள்ள வேட்டை விலங்குக்கு நாம் சத்தில்லாத இறைச்சியாக இருக்கலாம், ஆனால் அதை அது கடித்துப் பார்த்த பிறகே அறியும். அவ்வகையில் மிருகத்துக்கும் இடமுண்டு. பக்கத்துக்குப் பக்கம் புதுப் புது மிருகத்தை இறக்கிவிடுவது, கோளைப் பற்றிச் சிந்திக்க எழுத்தாளருக்கு விருப்பமில்லை என்பதற்கான அடையாளம்.

இனி மனிதர்கள். பெரியவர்கள் இல்லாவிட்டால் இளையோர் காட்டுமிராண்டிகள் ஆகிவிடுவார்கள் என்ற எதிர்பார்ப்பு கோல்டிங்கின் நாவலுக்குப் பிறகு இவ்வகையில் ஆழமாகப் பதிந்துவிட்டது. நடந்த நிகழ்வு ஒன்று வேறு விதமாகச் சொல்கிறது. 1965-இல் டோங்கா நாட்டின் பதின்வயதுச் சிறுவர்கள் ஆறு பேர் பள்ளியிலிருந்து தப்பிப் படகில் கிளம்பி, புயலில் சிக்கி, ஆளில்லாத அட்டா தீவில் ஒதுங்கினார்கள். ஏறத்தாழ 15 மாதங்கள் கழித்து, 1966 செப்டம்பரில், பீட்டர் வார்னர் என்னும் ஆஸ்திரேலியக் கப்பல் தலைவர் அவர்களைக் கண்டபோது அறுவரும் உயிரோடும் நலத்தோடும் இருந்தார்கள். மூட்டிய தீயை அணையாமல் காத்திருந்தார்கள். வேலையை முறைவைத்துப் பகிர்ந்திருந்தார்கள். சண்டை வந்தால் இருவரும் ஆளுக்கொரு பக்கம் போய்ச் சினம் தணிந்து திரும்ப வேண்டும் என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒருவனுக்குக் கால் முறிந்தபோது கட்டுப்போட்டு ஆற்றியிருந்தார்கள். அவர்கள் நண்பர்கள், ஒரே பண்பாட்டில் வளர்ந்தவர்கள், தீவின் தாவரங்களை அறிந்தவர்கள் என்பவற்றையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

பெரியவர்கள் இருந்தால் மட்டும் எல்லாம் சீராகுமா என்பதற்கு அமெரிக்காவின் அரிசோனாவில் நடந்த பயோஸ்பியர் 2 பரிசோதனை நல்ல சான்று. 1991 செப்டம்பரில் எட்டுப் பேர் ஒரு பெரிய மூடிய கண்ணாடிக் கட்டடத்துக்குள் இரண்டு ஆண்டுகள் வாழச் சென்றார்கள். மண்ணில் இருந்த நுண்ணுயிர்கள் எதிர்பார்த்ததைவிட அதிக ஆக்சிஜனைச் செலவிட்டதால், அதன் அளவு 21 விழுக்காட்டிலிருந்து சுமார் 14 விழுக்காட்டுக்கு இறங்கி, வெளியிலிருந்து ஆக்சிஜன் செலுத்த வேண்டியதாயிற்று. பசியும் களைப்பும் கூடிய அந்தச் சூழலில் எட்டுப் பேரும் இரண்டு அணிகளாகப் பிளந்தார்கள். ஆனாலும் அன்றாட வேலையை நிறுத்தவில்லை, இரண்டு ஆண்டுகளையும் முடித்தே வெளியே வந்தார்கள். கொலைக்கும் ஒற்றுமைக்கும் நடுவே உள்ள இந்தப் பரந்த வெளி, ஒருவரோடு ஒருவர் பேசாமலே ஒன்றாகப் பயிரிடும் நிலை, இளையோர் கதைகளில் இன்னும் போதுமான அளவு எழுதப்படவில்லை என்பது என் எண்ணம்.

ஏன் இளையோரே வேண்டும் என்ற கேள்விக்கு இங்கே விடை இருக்கிறது. வளர்ந்த பொறியாளரும் மருத்துவரும் உழவரும் கொண்ட குழு இறங்கினால், யார் எதைத் தீர்மானிப்பது என்பது பாதிக்கு மேல் முடிவாகிவிடும். பட்டமும் பதவியும் அதைச் சொல்லிவிடும். பதினைந்து வயதில் அத்தகைய தீர்ப்பு எதுவும் இல்லை. அவர்களுக்கு எரிதல் என்றால் என்ன என்று தெரியும், இரும்பை உருக்கத் தெரியாது. கிருமி உண்டென்று தெரியும், மருந்து செய்யத் தெரியாது. விதியை அறிந்தும் வேலையை அறியாத இந்த நிலை, கோட்பாட்டிலிருந்து கைத்திறனுக்குச் செல்லும் பாதை முழுவதையும் வாசகர் கண்முன்னே நடத்திக்காட்ட எழுத்தாளருக்கு வாய்ப்பளிக்கிறது. வளரும் உடலுக்கு உணவு அதிகம் தேவை, ஆபத்தை எடைபோடும் மூளைப்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டிருக்கிறது என்ற உடலியல் உண்மைகளும் கதைக்கு வேண்டிய நெருக்கடியைத் தாமே தந்துவிடுகின்றன.

பெரியவர்களை எப்படி அகற்றுவது என்பது கதைக்கட்டில் உள்ள பலவீனமான மூட்டு. விபத்தில் எல்லாப் பெரியவர்களும் இறந்து எல்லாச் சிறுவர்களும் பிழைத்தால் வாசகர் நம்பத் தயங்குவார். தேர்வு, தண்டனை, நாடுகடத்தல், சிறுவர்களை மட்டும் முதலில் ஏற்றிய மீட்புப் படகு போன்ற காரணங்கள் வலுவானவை, ஏனெனில் அவற்றில் பெரியவர்களின் ஒரு முடிவு இருக்கிறது. கதை முழுவதும் அந்த முடிவின்மேல் இளையோர் கொள்ளும் சினமோ நன்றியோ பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும்.

முடிவுகள் பொதுவாக இரண்டு. ஒன்றில் மீட்புக் கலம் வருகிறது. ஹைன்லைனின் நாவலில் அது வந்து சேரும்போது, தமக்கென ஒரு சமூகத்தையே அமைத்து ஆண்டவர்கள் மறுபடியும் சிறுபிள்ளைகளாக நடத்தப்படுகிறார்கள். அந்தக் காட்சியின் கசப்பே அந்நாவலை நினைவில் நிறுத்துகிறது. மற்றொன்றில் கலம் வருவதே இல்லை, அவர்கள் அங்கேயே வளர்ந்து பெற்றோராகிறார்கள். அங்கு பிறக்கும் குழந்தை எந்தக் கிழங்கு சத்துள்ளது, எந்தப் பள்ளத்தில் உறங்கக் கூடாது என்பவற்றைப் பேச்சோடு பேச்சாகவே கற்றுக்கொள்ளும். அந்தக் குழந்தையைத் தலைமைப் பாத்திரமாகக் கொண்டு தொடரும் கதை நிலத்தைப் பங்கிடுவது, சட்டம் இயற்றுவது, பூமியிலிருந்து பின்னர் வருவோரை ஏற்பதா மறுப்பதா என்பவற்றைப் பேசத் தொடங்கும். அது குடியேற்றக் கதை என்னும் வேறொரு வகை, அதற்கு விதிகளும் வேறு.